மடிப்பக்காவின் பத்தாவது ஓட்டு

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். டிரையரிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை ஒரே உதறில் நிமிர்த்தி, மூலையோடு மூலை சேர்த்து, அளந்து வைத்தது போல மடித்து அடுக்குவாள். மறுமுனையைப் பிடிக்கிற வேலை எனக்கு. நான் குள்ளம். கையை எவ்வளவு தூக்கினாலும் விரிப்பின் அடி தரையில் புரளும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா, மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு பலகையைத் தூக்கிவந்து என் காலடியில் போட்டாள்.

"ஏறி நில்லு குட்டை. தரையைத் துடைக்கிறதுக்கு இங்க வேற ஆள் இருக்காங்க."

அன்றிலிருந்து பதினோரு வருஷம் அந்தப் பலகை மேல் நின்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதனால் அவளுக்கு நடந்ததைக் கொஞ்சம் கிட்டே இருந்து பார்த்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம்.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில், பாய்லர் அறைக்கு அடுத்து இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே எட்டு மாடிகளிலும் கழற்றிப் போடுகிற துணி ஒரு குழாய் வழியாக எங்கள் தலைக்கு மேல் வந்து விழும். அதைக் கறைவாரியாகப் பிரிக்க வேண்டும். ரத்தம் தனி, மருந்து தனி, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத்துணி தனி. நர்சுகள் அவசரத்தில் ஊசியை விரிப்போடு சுருட்டிப் போட்டுவிடுவார்கள். பிரிக்கும்போது அது எங்கள் விரலில் ஏறும். ஒரே வருஷத்தில் மூன்று பேருக்கு ஊசி குத்தி, அதில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து வேலையே போய்விட்டது. கையுறை கேட்டு எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மாடிக்குப் போனதோ, திரும்பி வரவேயில்லை.

ஒருநாள் காலை மடிப்பக்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னாடி போய் உட்காரப் போறேன். வர்றவ வா" என்றாள். பதினேழு பெண்கள் அவள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நான் அன்று லீவு. குழந்தைக்குக் காய்ச்சல். நிஜமாகவே காய்ச்சல்தான்; ஆனால் அதை நான் இன்றுவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். நாலு மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்து எல்லாரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனது. பெயர், முகவரி, பத்து விரல் ரேகை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் கையுறை வந்தது. எடுத்த ரேகை என்ன ஆயிற்று என்று அப்போது எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அது நடந்து ஏழு வருஷம் கழித்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. இனிமேல் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, புது அடையாள அட்டை இருந்தால்தான் ஓட்டு. அட்டை வேண்டுமென்றால் எங்கே, எப்போது பிறந்தோம் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். கள்ள ஓட்டை ஒழிக்கப் போகிறார்களாம். அக்காவுக்கு முதலில் அதில் ஒரு வருத்தமும் இல்லை.

"நல்லதுதானே. என் ஓட்டை வேற எவளாவது வந்து போட்டா நான் சும்மா விடுவேனா?" என்றாள்.

அதுவரை ஒன்பது தேர்தலில் ஓட்டுப் போட்டவள் அவள். தேர்தல் நாளன்று காலை ஷிஃப்டை யாரிடமாவது மாற்றிக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்பே வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். புருஷன் லாரி விபத்தில் இறந்த வருஷத்தில்கூடப் போய்விட்டுத்தான் வந்தாள். பிள்ளை குட்டி இல்லை. சொந்தம் என்று சொல்ல ஒரே தம்பி, அவளைவிட எட்டு வயது இளையவர், நில அளவை அலுவலகத்தில் வேலை.

எனக்கு அட்டை பத்தே நாளில் வந்துவிட்டது. மருத்துவமனையில் பிறந்தவள், பத்தாவது வரை படித்தவள். இரண்டுக்கும் காகிதம் இருந்தது. அக்காவுக்குத் துணையாக நானும் அட்டை அலுவலகத்துக்குப் போனேன்.

நாற்காலிகளை ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் பிணைத்திருந்தார்கள். யாராவது எழுந்தால் வரிசையே ஆடும். டோக்கன் எண் ஒளிரும் பலகையில் பாதி விளக்கு எரியவில்லை. எட்டா மூன்றா என்று பார்க்க ஆளாளுக்கு எழுந்து போனார்கள். கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கு விட்டிருந்த துளை இடுப்பு உயரத்தில் இருந்தது. எவ்வளவு நிமிர்ந்து நடந்து வந்தவரும் அங்கே வந்ததும் குனிந்துதான் பேச வேண்டும்.

"பிறப்புச் சான்றிதழ்?" என்று கேட்டான் உள்ளே இருந்த குமாஸ்தா. சின்ன வயசுக்காரன்.

"வீட்டுல பிறந்தேங்க. அப்ப யாரு எழுதி வச்சா?"

"பள்ளிக்கூடச் சான்றிதழ்?"

"பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருக்கேன். ஆனா சேர்க்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "சேர்க்காம எப்படிம்மா உட்கார்ந்தீங்க?"

"தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு."

"நீங்க பிறந்ததுக்கு என்னதான் ஆதாரம்?"

"நான்தான் முன்னாடி நிக்கிறேனே."

வரிசையில் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை. "நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரிய மாட்டேங்குதே. அந்தப் பள்ளிக்கூடத்துல ஏதாவது கிடைக்குதான்னு பாருங்க" என்று ஒரு படிவத்தைத் துளை வழியாகத் தள்ளினான்.

பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போகும்போதுதான் அந்தக் கதையை முழுசாகச் சொன்னாள். அப்பா போனபின் அம்மா வீட்டு வேலைக்குப் போனாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், குழந்தை அழாமல் இருந்தால் கடைசி பெஞ்சில் உட்காரலாம் என்று விட்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. அப்படி உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டப் படித்தாள். "குழந்தை தூங்கினா எனக்குப் பாடம். அது முழிச்சா எனக்கு லீவு" என்றாள்.

தலைமையாசிரியை பொறுமைசாலி. பழைய பதிவேடுகள் கிடந்த அறையைத் திறந்துவிட்டு, தானும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு கூடவே தேடினார். அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. தம்பியின் சேர்க்கைப் பக்கம் இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், தெரு, பிறந்த தேதி. கீழே பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில், கோணல்மாணலாக அக்காவின் பெயர். பக்கத்தில் உறவுமுறை: 'அககா'. புள்ளி வைக்க மறந்துவிட்டாள்.

"அன்னைக்கு அம்மாவுக்கு லீவு தரல. நான்தான் கூட்டிட்டு வந்து சேர்த்தேன். எனக்குப் பதினாலு வயசு" என்றாள். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். தலைமையாசிரியை நகல் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று அவரே சொன்னார்.

குமாஸ்தா அதை வாங்கி இரண்டு முறை படித்தான். "இது உங்க தம்பி பிறந்ததுக்கு ஆதாரம்மா. உங்களுக்கு இல்ல. நீங்க அக்கான்னு இருக்கு, அதுவும் எழுத்துப்பிழையோட." சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. கூடப் பிறந்தவங்க, அட்டை வச்சிருக்கறவங்க யாராவது உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தா எடுத்துக்குவாங்க. தேர்தலுக்கு முன்னாடி வரணும்னா இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்திடுங்க" என்றான்.

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "அவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பி வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி, சுத்தமான வீடு. தம்பியின் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் குவித்துவைத்திருந்தாள். அக்கா போய் உட்கார்ந்ததும் கை தானாக ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டது. "அண்ணி, விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றதை அவள் காதில் வாங்கவில்லை.

தம்பி உறுதிமொழிப் படிவத்தைக் கையில் வாங்கியபோது சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். "சட்டம் சரிதான்க்கா. எங்கிருந்தோ வந்தவன்லாம் ஓட்டுப் போட்டுட்டுப் போறான். ஒரு கட்டுப்பாடு வேணாமா?"

"வேணும்டா. நான் எங்கேருந்து வந்தேன்?"

"உன்னைச் சொல்லலக்கா."

படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இதுல, சொன்னது தப்புன்னு தெரிஞ்சா மூணு வருஷம் ஜெயில்னு போட்டிருக்கு."

"தப்பா? நான் உன் அக்கா இல்லையா?"

"அது இல்லக்கா. அடுத்த வரியைப் பாரு. விண்ணப்பதாரரின் நடத்தைக்கும் உறுதி கூறுகிறேன்னு இருக்கு. எந்த வழக்கிலும், எந்தப் போலீஸ் பதிவிலும் இல்லைன்னு நான் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த கேட் விஷயம் இருக்கே."

"கையுறை கேட்டதா?"

"எனக்கு அது கையுறை. எழுதி வச்சிருக்கறவன் சட்டவிரோதக் கூட்டம்னு எழுதி வச்சிருப்பான். உன் ரேகை அங்க இருக்கு. உனக்கு நான் கையெழுத்துப் போட்டா என் ஃபைலையும் சேர்த்து எடுப்பாங்க. ரெண்டு மாசத்துல எனக்கு புரமோஷன் வருதுக்கா. இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்தது."

அக்காவின் கை நின்றது. கையில் இருந்தது பெரிய படுக்கை விரிப்பு. பாதி மடித்திருந்தாள்.

"இந்தத் தடவை விட்டுடு. புரமோஷன் வந்ததும் நானே வந்து போட்டுத் தர்றேன். ஒரு ஓட்டுதானேக்கா?"

"ஆமாடா," என்றாள் அக்கா. "ஒண்ணுதான் இருந்துச்சு."

படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். விரிப்பு பாதி மடிப்பிலேயே சோபாவில் கிடந்தது. அவள் ஒரு மடிப்பை முடிக்காமல் விட்டதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். படியிறங்கும்போது தம்பி மேலிருந்து "அக்கா, கோவமா?" என்று கேட்டார். "கால் வலிடா" என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் நான் பொரிந்து தள்ளினேன். இவரை இடுப்பில் சுமந்ததால்தானே உங்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போயிற்று என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் தடுத்துவிட்டாள்.

"அவனைத் திட்டாத குட்டை. பயப்படுறான். எவன்கிட்டயும் வம்புக்குப் போகாத, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துடுன்னு தினம் சொல்லி அனுப்பினவ நான்தான். நல்லாக் கேட்டுக்கிட்டான்."

மாசக் கடைசி போய்விட்டது. தேர்தல் நாள் வந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதும்போல முதல் ஆளாகப் போய் நின்றாள், பழைய வாக்காளர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் அவளுக்குப் பின்னால். நூலகக் கட்டடம்தான் வாக்குச்சாவடி; வாசிப்பு மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடும் இருந்தது.

"அட்டை இல்லாம முடியாதும்மா" என்றார் அதிகாரி.

"பேரு இருக்கே. ஒன்பது தடவை போட்டிருக்கேன். போன தடவை நீங்கதான் இதே மேசையில இருந்தீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. "நான் என்ன பண்ண முடியும்? உத்தரவு."

"சரி. நான் வந்தேன், ஓட்டுப் போட விடலன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க."

"அப்படி ஒரு படிவம் கிடையாதும்மா."

"எதுக்கெல்லாமோ இருக்கு. இதுக்கு இல்லையா?"

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 'நேரமாகுது', 'காகிதம் இல்லாதவங்க எதுக்கு வரணும்' என்று ஏதேதோ. அதில் எங்கள் தெருக்காரர் குரலும் ஒன்று. அக்கா வரிசையை விட்டு நகர்ந்தாள். அடுத்தது நான். நான் போட்டேன். அவளோடு வெளியே போயிருக்கலாம். விரலில் மையை வைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் நின்றபோது யாருக்குப் போடுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டி நின்றிருந்தாள். கத்தவில்லை, யாரையும் மறிக்கவில்லை. சும்மா நின்றாள். வெயில் ஏறியது. "வாங்கக்கா, போயிடலாம்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். பதினோரு மணி வாக்கில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"இந்த எல்லைக்குள்ள நின்னு ஓட்டு கேக்கக் கூடாது. கிளம்புங்க."

"நான் யார்கிட்டயும் ஓட்டு கேக்கல சார். என்னோட ஓட்டைத்தான் கேக்கறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "வம்பு பண்ணாதீங்க. பேரைச் சொல்லுங்க." சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"சொன்னா நம்புவீங்களா?"

"ஏன் நம்பாம? சொல்லுங்க."

சொன்னாள். எழுதிக்கொண்டார். தெரு, வயது, எங்கே வேலை, எல்லாம் எழுதிக்கொண்டார். பிறந்ததற்கு ஆதாரம் கேட்கவில்லை, தம்பியின் கையெழுத்து கேட்கவில்லை. அந்த ஊரில் அன்று அவள் பெயரை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்ட காகிதம் அது ஒன்றுதான். அதன்பிறகுதான் அவள் நடக்க ஆரம்பித்தாள்.

யார் ஜெயித்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. ஜெயித்தவர்கள் சட்டத்தை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் ரேஷனுக்கு அந்த அட்டை, செல்போன் சிம்முக்கு அந்த அட்டை என்றார்கள். பிறகு எங்கள் மேற்பார்வையாளர் ஒருநாள் கீழே இறங்கி வந்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் நுழைவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் அந்த அட்டை வேண்டும் என்று அறிவித்தார். ஓட்டுக்கு என்று கொண்டுவந்த அட்டை துணி துவைப்பதற்கு எதற்கு என்று பாய்லர் பார்க்கிற அண்ணன் கேட்டார். "மேலிடத்து உத்தரவு" என்றார். அன்று கேட் முன்னால் உட்கார்ந்த பதினேழு பேரில் ஒன்பது பேர்தான் அப்போது வேலையில் இருந்தார்கள். அதில் ஐந்து பேருக்கு அட்டை இல்லை. யாரும் இந்தமுறை ஏப்ரனைக் கழற்றி மாட்டவில்லை.

அந்த வாரம் அக்காவின் தம்பி சலவைக்கூடத்துக்கு வந்தார். புரமோஷன் கிடைத்துவிட்டது. நல்ல சட்டை போட்டிருந்தார். நீராவியில் அது உடனே உடம்போடு ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக அக்கா வேலை பார்க்கிற இடத்தை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். குழாயிலிருந்து ரத்தத்துணி மூட்டை ஒன்று விழுந்ததும் இரண்டடி பின்வாங்கினார். பிறகு கையில் இருந்த உறையை நீட்டினார்.

"நோட்டரிகிட்ட முத்திரை வாங்கியாச்சுக்கா. நம்ம ஆபீஸ்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். அந்த கேட் விஷயத்தைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு உறையைப் பிரித்தாள். திருப்பி அவரிடமே கொடுத்தாள். "என்ன எழுதியிருக்குன்னு படி. சத்தமா படி, மெஷின் சத்தத்துல கேக்காது."

அவர் சுற்றிலும் பார்த்தார். நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்தியிருந்தோம். "மேற்கண்ட விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த மூத்த சகோதரி என்றும், அவரை நான் பிறந்தது முதல் அறிவேன் என்றும்..." என்று தொடங்கினார். கண்ணாடியில் நீராவியா கண்ணீரா தெரியவில்லை, கழற்றித் துடைத்தார்.

"போதும்" என்றாள். காகிதத்தை வாங்கி ஏப்ரன் பைக்குள் வைத்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அப்ப கிளம்பு. சட்டை வீணாப் போகுது."

கிழித்துப் போட்டிருப்பாள் என்று எங்களில் சிலர் நினைத்தோம். வேலை வேண்டுமே. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதுவரை விண்ணப்ப ரசீதைக் காட்டித்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்; ஐந்து மாதம் கழித்து அட்டை வந்தது. பிறந்த இடம் என்ற இடத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று அச்சாகியிருந்தது. அட்டை கிடைக்காத ஐந்து பேரில் மூன்று பேர் அதற்குள் வேலையை இழந்திருந்தார்கள். கிடைத்த அன்று அக்கா அதை யாரிடமும் காட்டவில்லை. தம்பி வீட்டுக்கு அதன்பின் அவள் போகவில்லை. அவர் ஞாயிறுதோறும் போன் செய்வார். உடம்பு எப்படி, சாப்பாடு ஆச்சா என்று இரண்டே கேள்வி, இரண்டே பதில்.

போன வருஷம் நகரசபைத் தேர்தல் வந்தது. காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்தாள். முன்பெல்லாம் யாருக்குப் போட்டேன் என்று கேட்காமலே சொல்வாள். எங்களோடு துணி பிரிக்கிற பாய்லர் அண்ணன் மனைவி எதிர்க்கட்சிக்காரி, அவளை வம்புக்கு இழுப்பாள். அந்த ஒருநாள் முழுக்க அடித்தளமே கலகலப்பாக இருக்கும். அன்று ஒன்றும் பேசாமல் மேசைக்கு வந்து நின்றாள். நான் பலகையில் ஏறி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, இந்தத் தடவை யாருக்கு?" என்று கேட்டேன்.

கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கேக்காத குட்டை. எதை எங்க எழுதி வைக்கிறாங்கன்னு தெரியல" என்றாள். அந்த இரைச்சலில் அவள் குரல் எனக்கே எட்டவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.